கடைசி வட்டத்தில் ஒன்று

குரு என்றால் தாடி வேண்டும், ஆலமரம் வேண்டும் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கேயே திரும்பிப் போய்விடலாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஜெசிந்தா. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிற டீச்சர். சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெயர் மாசானம். சங்கரன்கோயில் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார்.

ஒரு காலை. முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. டீச்சர் லேபில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மாசானம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நிலைப்படியில் நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

வந்தார். உட்காரவில்லை.

"அடுத்த பாடத்த எனக்குச் சொல்லிக் குடுக்கணும் டீச்சர்."

"எந்தப் பாடம்?"

"அணு முடிஞ்சிட்டு. அதுக்கு அடுத்தது."

டீச்சர் கையிலிருந்த குழாயைத் தாங்கியில் வைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

மாசானத்துக்கு ஒரே மகள், கோமதி. டீச்சரிடம் படித்தவள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல், சாமி சாமி என்று அலைந்து பெற்ற பிள்ளை. அவளுக்கு ஒரு பழக்கம். அன்றைக்குப் பள்ளியில் நடந்த பாடத்தைச் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குப் புரிகிறதா என்பது பற்றி அவளுக்கு என்ன கவலை? கடையில் கிடக்கிற முக்காலியில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள். மாசானம் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே "ம்" கொட்டுவார். "ம்" வரவில்லை என்றால் தீர்ந்தது. "அப்பா, நான் செவுத்துக்கா சொல்லுதேன்?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ரத்தத்தில் அணுக்கள் மளமளவென்று இறங்கிவிட்டன. அங்கேயே போய்விட்டாள்.

"படுத்துக் கெடக்கும்போது கேட்டேன் டீச்சர், அடுத்து என்ன பாடம்ட்டின்னு. வேதிப் பிணைப்புப்பா, நல்லாருக்கும், ஸ்கூலுக்குப் போயிட்டு வந்து சொல்லுதேன்னா." மாசானம் சட்டைப் பையைத் தடவினார். அதில் ஒன்றுமில்லை. "அதான். அது என்னன்னு தெரிஞ்சாத் தேவல."

டீச்சர் சாக்பீஸை எடுத்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி."

மாசானம் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சுக்கும் அவருக்கும் பொருந்தவில்லை, முட்டி இடித்தது.

டீச்சர் பலகையில் ஒரு புள்ளி வைத்தார். சுற்றி மூன்று வட்டம் போட்டார்.

"இது சோடியம். மொத்தம் பதினோரு எலக்ட்ரான். உள் வட்டத்துல ரெண்டு. அடுத்ததுல எட்டு. கடைசி வட்டத்துல ஒண்ணு."

"ம்" என்றார் மாசானம். பழக்கதோஷம்.

அந்த "ம்" காதில் விழுந்ததும் டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த படத்தைப் போட்டார்.

"இது குளோரின். பதினேழு. ரெண்டு, எட்டு, ஏழு. கடைசி வட்டம் நிறைய இன்னும் ஒண்ணு வேணும். ரெண்டும் கிட்ட வந்தா, சோடியம் தன்கிட்ட இருக்கிற அந்த ஒண்ணைக் குடுத்துரும்."

"குடுத்துருமா?"

"ஆமா."

"இருக்கிறதே ஒண்ணு. அதையும் குடுத்துட்டு அது எப்படி நிக்கும்?"

"நிக்குது அண்ணாச்சி."

"திரும்பக் கேக்காதா?"

"கேக்காது. கேட்டாலும் லேசுல கிடைக்காது."

மாசானம் சாக்பீஸ் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சோடியத்தின் கடைசி வட்டத்தை அழித்தார். அதன் தலைமாட்டில் ஒரு பிளஸ் குறி போட்டார்.

"இதென்ன டீச்சர் அநியாயம்! இழந்தவனுக்குப் பிளஸ்ஸா? மைனஸுல்லா போடணும்?"

"எல்லாப் பிள்ளைகளும் முதல்ல அப்படித்தான் போடும். போன எலக்ட்ரான் மைனஸ். அது போனதால, உள்ள ஏற்கனவே இருந்த பிளஸ் இப்ப வெளிய தெரியுது. புதுசா எதுவும் வந்துரல."

"கோமதியும் தப்பாத்தான் போட்டிருப்பாளா?"

"தெரியாது அண்ணாச்சி" என்றார் டீச்சர். "இந்தப் பாடம் நடத்துனப்ப அவ இல்ல."

அதற்குள் மணி அடித்துவிட்டது. மாசானம் எழுந்து, வட்டங்களை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பியூனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர் ஒருத்தர் கைகட்டி உட்கார்ந்து பாடம் கேட்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டார்.

கொடுத்த அணு பிளஸ், வாங்கிய அணு மைனஸ் ஆகிவிடும் என்று டீச்சர் சொன்னார். ஒன்றையொன்று இழுக்கின்றன. சோடியத்தைத் தனியே தண்ணீரில் போட்டால் தீப்பிடித்து வெடிக்கும். குளோரின் மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும். இரண்டும் சேர்ந்தால் குழம்பில் போடுகிற உப்பு.

"ஏ யப்பா!" என்றார் மாசானம். இத்தனை மாசத்தில் அவர் முகத்தின் இறுக்கம் கொஞ்சம் விட்டது அப்போதுதான்.

அன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"டீச்சர், நாளைக்கு அப்புறம் நான் வரமாட்டேன்."

"ஏன்?"

"வெள்ளிக்கிழம மச்சான் வாரான், கோயில்பட்டியிலருந்து. பிரமுவக் கூட்டிட்டுப் போறதுக்கு. அப்புறம் கடைய நான் ஒத்தையிலதான் தெறக்கணும், சோறும் பொங்கணும்."

பிரமு என்பது அவர் மனைவி பிரம்மசக்தி.

"எத்தனை நாளைக்குப் போறாங்க?"

"நாளென்ன நாளு. போனாப் போனதுதான். நாந்தான் மச்சானுக்குப் போன் போட்டேன், வந்து கூட்டிட்டுப் போன்னு."

சொல்லும்போதே மாசானத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார் மேல் என்று அவருக்கே தெரியாது.

"ஒரு சொட்டு அழல டீச்சர்! பெத்தவ. பிள்ளையக் கொண்டாந்து வீட்ல கெடத்தியிருக்கு, ஊரே நெஞ்சில அடிச்சிட்டு அழுது. இவ செவுத்துல சாஞ்சி கல்லு மாரி உக்காந்திருக்கா. பதினாறு அன்னைக்கும் அழல. இன்னைய வரைக்கும் அழல. பேசுறதும் இல்ல. தட்ட வைப்பா, எடுப்பா. அம்புட்டுதான். அந்த மொகத்தப் பாக்கப் பாக்க எனக்குக் கிறுக்குப் பிடிக்கி. உள்ள ஒண்ணுமே இல்லாதவகூட எப்படிக் குடும்பம் நடத்த?"

"நாளைக்கு வரும்போது" என்றார் டீச்சர், "உங்க கடையில வயரு அறுந்திருக்கான்னு பாக்கிறதுக்கு ஒரு பல்பு வச்சிருப்பீங்கள்லா. அதைக் கொண்டு வாங்க."

"அது எதுக்கு?"

"பாடத்துக்குத்தான்."

மறுநாள் காலை கொண்டுவந்தார். அவரே செய்தது. பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, நீளமாக இரண்டு ஒயர். இரண்டு முனையையும் காயிலில் வைப்பார். விளக்கு எரிந்தால் காயில் நன்றாக இருக்கிறது. எரியாவிட்டால் அறுந்துவிட்டது, கழற்றி எறிய வேண்டியதுதான். இருபத்தைந்து வருஷத் தொழில் அந்தச் சின்ன வெளிச்சத்தை நம்பித்தான் நடந்திருக்கிறது.

டீச்சர் ஒரு கண்ணாடிக் குவளையில் கல் உப்பு நிறையப் போட்டு மேஜையில் வைத்தார்.

"வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

மாசானம் இரண்டு முனையையும் உப்புக்குள் குத்தினார். எரியவில்லை. கொஞ்சம் தள்ளிக் குத்தினார். எரியவில்லை.

"என்ன?"

"செத்த சரக்கு டீச்சர்."

"நல்லாப் பாருங்க."

"இதுல பாக்க என்ன இருக்கு? உள்ள ஒண்ணும் கெடையாது. எங்க கடையின்னா தூக்கிப் பழைய இரும்புல போட்டுருவோம்."

டீச்சர் இன்னொரு குவளையில் தண்ணீர் ஊற்றினார். "இது பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. இதுலயும் வையுங்க."

வைத்தார். அதிலும் எரியவில்லை.

"இதுவும் செத்த சரக்கா?"

"ஆமா."

டீச்சர் தண்ணீரை எடுத்து உப்பின் மேல் ஊற்றினார். கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். கல்லின் முனைகள் மழுங்கிக் கரைய ஆரம்பித்தன.

"இப்ப வையுங்க."

மாசானம் முனைகளைத் தண்ணீருக்குள் விட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கம்பி முனைகளில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது.

அவர் ஒயரை வெளியே எடுத்தார். அணைந்தது. உள்ளே விட்டார். எரிந்தது. மறுபடி எடுத்து, முனைகளை வேட்டியில் துடைத்துவிட்டு உள்ளே விட்டார். அப்போதும் எரிந்தது.

"இது எங்கருந்து வந்துச்சு டீச்சர்? தண்ணியிலயும் இல்ல. உப்புலயும் இல்ல."

"உப்புல இருந்துச்சு அண்ணாச்சி."

"நாந்தான் வச்சுப் பாத்தேனே!"

"நிறைய இருந்துச்சு. ஒவ்வொரு பிளஸ்ஸையும் சுத்தி ஆறு பக்கமும் மைனஸ். ஒவ்வொரு மைனஸையும் சுத்தி ஆறு பக்கமும் பிளஸ். ஒண்ணை ஒண்ணு அப்படி இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கு. இம்மி அசைய முடியாது. உங்க பல்பு, அசையிறதைத்தான் காட்டும். இருக்கிறதைக் காட்டாது."

மாசானத்தின் கை ஒயரோடு அப்படியே நின்றது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"நான் நேத்து பிரமுவப் பத்தி ஒங்ககிட்ட..." என்று இழுத்தார்.

"நான் உப்பைப் பத்திப் பேசுதேன் அண்ணாச்சி."

மாசானம் ஒயரை எடுத்துச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

"தண்ணிக்கு நான் எங்க போவேன் டீச்சர்?"

டீச்சர் குவளையைத் தள்ளி வைத்தார். "கோமதி எப்படிப் படிப்பா?" என்று கேட்டார்.

"சத்தமாச் சொல்லித்தான். எங்கிட்ட."

"நீங்க படிச்சதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் யாருகிட்டச் சொல்ல?"

"யாருக்குன்னு இல்ல. வீட்ல உக்காந்து சத்தமாச் சொல்லுங்க. அணுவுலருந்து ஆரம்பிங்க. சொன்னாத்தான் மனசுல நிக்கும்."

அன்றைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் மாசானம் கடையில் வேலையை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரே ஒரு சுவர், அதில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்படி. பிரமு அங்கே அரிசி களைகிற சத்தம் கேட்டது. அவளுடைய துணிப் பை ஏற்கனவே கட்டியாகிவிட்டது. கதவோரம் சாத்தி வைத்திருந்தாள்.

முக்காலி மூலையில் கிடந்தது. கோமதி போனதிலிருந்து யாரும் அதில் உட்காரவில்லை. கம்பிச் சுருளைக்கூட மாசானம் அதன் மேல் வைத்ததில்லை. இன்றைக்கு எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. தெருவில் போகிறவன் பார்த்தால் மாசானத்துக்கு மண்டை குழம்பிவிட்டது என்பான். எவன் என்ன சொன்னால் என்ன என்று தொண்டையைக் கனைத்தார்.

"அணுன்னா... நடுவுல ஒரு உட்கரு இருக்கும். அதுக்குள்ள புரோட்டான், நியூட்ரான். சுத்தி எலக்ட்ரான் இருக்கும்."

அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் நின்றது.

மாசானம் கவனிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கை தானாகவே ஆடியது, கோமதி ஆட்டுவது மாதிரியே.

"ஹைட்ரஜனுக்கு ஒண்ணு. ஹீலியத்துக்கு ரெண்டு. சோடியம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மொத்தம்... மொத்தம் பன்னெண்டு எலக்ட்ரான். உள் வட்டத்துல ரெண்டு. அடுத்ததுல எட்டு. கடைசி வட்டத்துல ரெண்டு..."

"பதினொண்ணு."

மாசானம் திடுக்கிட்டுத் திரும்பினார். கதவில் பிரமு நின்றாள். கை நிறைய ஈரம், களைந்த அரிசித் தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. மாசக்கணக்கில் பேசாத குரல், கரகரவென்று வந்தது.

"சோடியத்துக்குப் பதினொண்ணு. பன்னெண்டு மக்னீசியத்துக்கு. அவதான் அன்னைக்கு அத்தன தடவ சொன்னாள்லா, நீங்க எங்க கேட்டீங்க? கம்பியத்தான் பாத்துக்கிட்டு ம் ம்னீங்க."

"நீ... ஒனக்கு எப்படி..."

"நான் இந்தக் கதவுக்குப் பின்னாலதான நிப்பேன் தெனமும். அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் அடுப்பக்கூட ஊத மாட்டேன், கேக்காதுன்னு." பிரமு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு, எட்டு, ஒண்ணு. கடைசியில ஒண்ணுதாங்க. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்..."

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. வாய் கோணியது. நிலையைப் பிடித்தபடியே வழுக்கிக் கீழே உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "எம்மா... எங்கம்மா... என்னப் பெத்த தாயி..." என்று தரையில் கையால் அறைந்து அறைந்து அழுதாள். ஆவணியில் அழ வேண்டிய அழுகை. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

மாசானம் முக்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவரும் அழுதார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டபோதும், கொள்ளி வைத்தபோதும் தானும் அழவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்ததால் டீச்சர் லேபைத் திறந்து வைத்திருந்தார். மாசானம் வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. இந்தத் தடவை சொல்லாமலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மச்சான் வந்தாங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"வந்தான். அவதான் காப்பி போட்டுக் குடுத்து அனுப்பிட்டா, நான் வரலன்னு." மாசானம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அழுதா டீச்சர். நாங்க ரெண்டு பேருந்தான். நேத்து ராத்திரி அவளே கேட்டா, அடுத்து என்ன பாடம்னு. சோடியம் அந்த ஒண்ணக் குடுக்கிற எடம் வரைக்கும் சொன்னேன். அதுக்கு மேல முடியல. ரெண்டு பேராலயும் முடியல."

"மெதுவாச் சொல்லுங்க."

"காலையில பாக்கேன், மறுபடியும் பேச்சில்லாம உக்காந்திருக்கா. அதே செவுரு. அதே மொகம். எனக்குப் பக்குன்னு ஆயிட்டு டீச்சர். எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேனே."

டீச்சர் ஜன்னலோரம் போனார். வியாழக்கிழமை கரைத்த உப்புத் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்திருந்தார். அந்தத் தட்டைக் கொண்டுவந்து மாசானத்தின் முன்னால் வைத்தார். தண்ணீர் வற்றியிருந்தது. தட்டின் அடியில் சின்னச் சின்னச் சதுரக் கற்களாக உப்பு படிந்திருந்தது.

மாசானம் பையிலிருந்து ஒயரை எடுத்தார். இரண்டு முனையையும் உப்பின் மேல் வைத்தார். விளக்கு எரியவில்லை.

நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"திரும்பவும் கல்லாயிட்டே டீச்சர். இப்ப என்ன செய்ய?"

டீச்சர் தண்ணீர்ப் புட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"திரும்பவும் ஊத்துங்க அண்ணாச்சி."